தலையணைக்குள் இருந்த வேதம்

புராட்டஸ்டண்டுகளான எங்களுக்கு யாத்திரைப் பழக்கம் கிடையாது. ரங்கூனில் இருக்கும் கத்தோலிக்கச் சொந்தக்காரர்கள் பிப்ரவரி பிறந்தால் நியாவுங்லேபின் மாதா கோயிலுக்குக் கிளம்புவார்கள். நாங்கள் வழியனுப்பிவிட்டு வீட்டில் இருப்போம். அப்படிப்பட்ட எங்களைப் பர்மாவின் தென்கிழக்கில் இருக்கும் மோல்மேனுக்கு ரயில் ஏற வைத்தவர் எண்பதைத் தாண்டிய என் பெரியம்மா. "ஜட்சன் ஐயர் இருந்த ஊரைப் பார்க்காமல் நான் கண்ணை மூடுவதாக இல்லை" என்று சொல்லிவிட்டார். வேதத்தைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரிதான் ஜட்சன்.

எங்கள் வீட்டில் வேதம் பர்மிய மொழியில், பாட்டு தமிழில். போர் வந்து பெரியம்மாவின் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, அடுத்த தலைமுறையின் தமிழ்ப் படிப்பும் போயிற்று. எனக்கு எழுத்தறிவித்தது கீர்த்தனைப் புத்தகம்தான்; அப்பா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டுவார். பெரியம்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. எல்லாம் காதால் வாங்கியவை.

ரயிலில் அவர் பாடிக்கொண்டே வந்தார். ஒரு கீர்த்தனையில் 'ஆதாரம்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஆகாரம்' என்றார். என் மகள் சிரித்துவிட்டாள். நான் திருத்தினேன். திருத்தாமல் இருந்திருக்கலாம்.

"ஜப்பான்காரன் காலத்தில் அம்மா இதைப் பாடித்தான் எங்களைத் தூங்க வைப்பாள். அரிசி இருக்காது. எனக்கு ஆகாரம் என்றுதான் கேட்டது, தம்பி."

மோல்மேனில் ஜட்சன் 1827இல் தொடங்கிய சபையின் ஆலயத்தைப் பார்த்தோம். அமெரிக்காவிலிருந்து அவர் ரங்கூனில் வந்து இறங்கியது 1813 ஜூலை 13. முதல் ஞானஸ்நானம் கொடுக்க ஆறு வருடம் ஆயிற்று. இந்த மோல்மேனில் உட்கார்ந்துதான் 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமத்தை முடித்தார். நாங்கள் இன்றும் வாசிப்பது அதைத்தான். கையோடு கொண்டுபோயிருந்த வேதத்தை அன்றிரவு விடுதியில் திறந்து யோவான் ஆறாம் அதிகாரத்துக்குப் போனேன். "ஜீவ அப்பம் நானே." அப்பத்துக்கு ஜட்சன் போட்டிருக்கும் சொல், காலையில் தெருமுனையில் நாங்கள் சாப்பிட்ட மொஹிங்கா என்ற நூடுல்ஸ் உணவின் பெயரில் முன்பாதியாக இருக்கும் அதே சொல். எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். பெரியம்மாவின் 'பிழை' அதற்குள் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் வேனில் தெற்கே சைக்காமிக்குப் போனோம். வெள்ளைக்காரர் காலத்தில் அதன் பெயர் ஆம்ஹர்ஸ்ட். போகும் வழியில் பெரியம்மாவுக்குத் தலையணைக் கதையைச் சொன்னேன். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் போர் மூண்டதும், ஜட்சனை அரசரின் தலைநகரான ஆவாவில் விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவருடைய மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழை ஈரத்தில் மக்கிவிடும் என்று பயந்து, பிறகு அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். எந்தக் காவலனும் ஆசைப்படாதபடி கட்டாந்தரை மாதிரி கடினமான தலையணை. மறு வருடம் கைதிகளை வேறு சிறைக்கு விரட்டியபோது, ஒரு காவலன் அதன் மேலுறையை எடுத்துக்கொண்டு பஞ்சுப் பொதியை எறிந்துவிட்டான். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, ஐயருடைய ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பல மாதம் கழித்துத்தான் பிரதி பத்திரமாக வெளியே வந்தது.

"அறியாமலேயே சுமந்திருக்கிறான்" என்றார் பெரியம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அர்த்தம் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஐம்பது கீர்த்தனைகளை அவர் சுமந்து வந்திராவிட்டால் எனக்கு இந்த மொழி ஏது, ஜெபம் ஏது?

இன்னொன்றும் சொன்னேன். ஆவா சிறையில், 1825 மார்ச்சில், பரமண்டல ஜெபத்தை ஜட்சன் ஆங்கிலப் பாட்டாகக் கட்டினார். தலையணையைப் பறிக்கலாம். பாட்டை எங்கே போய்த் தேடுவான் காவலன்?

சைக்காமியில் கடற்காற்று பலமாக வீசியது. ஆன் 1826 அக்டோபரில் இங்கே இறந்தார். ஒரு ஹோப்பியா மரத்தடியில் புதைத்தார்கள். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் தாய்க்குப் பக்கத்தில். ஜட்சனுக்குக் கல்லறையே இல்லை. 1850இல் கப்பலில் இறந்தவரைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். பெரியம்மா கல்லறை ஓரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். "சிறையில் பாடியதைப் பற்றி வேதத்தில் வருமே, அதை வாசி" என்றார்.

அப்போஸ்தலர் பதினாறை எடுத்தேன். பர்மிய மொழியில் வாசித்துவிட்டு, அவருக்காகத் தமிழிலும் சொன்னேன். நடுராத்திரி. பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணித் தேவனைத் துதித்துப் பாடினார்கள். காவலில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாட்டு பாடினார்களாம்?"

"அது எழுதியில்லை, பெரியம்மா."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ரயிலில் பாடிய அதே கீர்த்தனையை எடுத்தார். அந்த இடம் வந்ததும் என் மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். 'ஆகாரம்' என்று அவளும் சேர்ந்து பாடினாள்.