சூட்டு ரெண்டரை போகும், சரி, முதல் 150 மீட்டர யாரு கணக்குல சேக்குறது?

விங்சூட்னா கைக்கும் ஒடம்புக்கும் நடுவுல, ரெண்டு காலுக்கும் நடுவுல துணி றெக்க வெச்ச சூட்டு, அத மாட்டிக்கிட்டு குதிச்சு பறப்பாங்க. அந்த வீடியோ பாக்குற பசங்க எல்லாரும் ஒரே ஒரு நம்பர புடிச்சிட்டு தொங்குறாங்க, இந்த சூட்டு ரெண்டரை போகும், அந்த சூட்டு மூணு போகும்னு. க்ளைட் ரேஷியோவ தான் சொல்றாங்க. ஒரு மீட்டர் எறங்குறதுக்குள்ள எத்தன மீட்டர் முன்னாடி போறான்ங்கிற கணக்கு, அவ்ளோ தான். கோணத்துல பாத்தா ரெண்டரைன்னா கிடைமட்டத்துக்கு கீழ 22 டிகிரி கிட்ட வரும், மூணுன்னா பதினெட்டு சொச்சம். நம்பர் தப்பில்ல. ஆனா மலை உச்சிலருந்து குதிக்கிறவனுக்கு அந்த நம்பர் மட்டும் பத்தாது, அத பத்தி தான் இந்த போஸ்ட்.

முன்னாடியே சொல்லிடுறேன், நான் குதிக்கிற ஆள் இல்ல. தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவன், எங்க ஏரியாவுல கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தரை தோசைக்கல்லு மாதிரி கெடக்கும், குன்றுன்னு ஒண்ணு பாக்கணும்னா பரங்கிமலை பக்கம் தான் போகணும். பொழப்பு சர்வே வேலை, டோட்டல் ஸ்டேஷன தோள்ல மாட்டிக்கிட்டு வெயில்ல நின்னு கோணமும் தூரமும் எடுக்குறது. இந்த பேஸ் ஜம்ப் பண்றவங்களும், அதான் ப்ளேன் இல்லாம மலை உச்சி மாதிரி நெலையான எடத்துலருந்து குதிக்கிறவங்களும், குதிக்கிறதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட அதே வேலைய தான் பண்றாங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கு தூக்கம் போச்சு. விளிம்புல நின்னு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்ல கீழ இருக்குற மேடு, பாறை, மரம் ஒவ்வொண்ணுக்கும் சாய்வு தூரமும் கோணமும் எடுத்து, காஸ் போட்டா கிடைத்தூரம், சைன் போட்டா எறக்கம், அப்புறம் அத ஒரு கோடா வரைஞ்சு பறக்குற பாதைய மேல வெச்சு பாக்குறது. நம்ம ஊரு சர்வேயருங்க செக்‌ஷன் போடுற மாதிரியே தான்.

போன ஞாயித்துக்கெழம அக்கா பையன் வியாசர்பாடிலருந்து வந்தவன் மொட்ட மாடில ஒக்காந்து போன நீட்டுறான். "மாமா, இத பாரேன், குதிக்கிற எடத்துலருந்து அந்த மேடு ஆயிரம் மீட்டர் தள்ளி கீது, ஐநூறு மீட்டர் கீழ கீது. அப்போ ரெண்டு போனா போதும். சூட்டு ரெண்டரை போவுது. அசால்ட்டா தாண்டிடுவான்ல?"

தாண்ட மாட்டான்டா. எப்டின்னு பாரு.

குதிக்கும்போது அவனுக்கு முன்னாடி வேகமே கெடையாது. றெக்கைல தூக்கு விசை வரணும்னா காத்து ஓடணும், வேகம் ரெண்டு மடங்கு ஆனா தூக்கு நாலு மடங்கு, வேகமே இல்லன்னா தூக்கும் இல்ல. சூட்டுக்குள்ள காத்து போய் அது உப்பி வெறைப்பா ஆகறதுக்கும் நேரம் புடிக்குது. அதனால மொத கொஞ்ச செகண்டு வெறும் விழுறது தான். காத்து தடைய விட்டுட்டு பாத்தா நாலு செகண்டுல 78 மீட்டர், அஞ்சு செகண்டுல 122 மீட்டர் போயிடும். அப்புறம் மெதுவா வளைஞ்சு முன்னாடி பாய்ச்சல் எடுத்து நெலையான பறப்புக்கு வர்றதுக்குள்ள எவ்ளோ எறங்கும்ங்கிறது ஆளுக்கு ஆள், சூட்டுக்கு சூட்டு மாறும், நம்ம கணக்குக்கு 150 மீட்டர் எறக்கம், 100 மீட்டர் முன்னேற்றம்னு வெச்சிக்கலாம். 150 மீட்டர்னா கிட்டத்தட்ட மூணு எல்ஐசி பில்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வெச்ச ஒயரம், அத்தனையும் பறக்க ஆரம்பிக்கறதுக்கே காலி.

இப்போ பையன் சொன்ன மேட்ட போடு. 1000ல 100 போச்சு, பாக்கி 900. ரெண்டரைல வகுத்தா 360. மொதல்ல தொலைச்ச 150ஐ சேத்தா 510. மேடு 500ல இருக்கு. பத்து மீட்டர் பாறைக்குள்ள பூந்துட்டான்.

அதே சாய்வுல அப்டியே டபுள் பண்ணி பாரு, மேடு 2000 மீட்டர் தள்ளி, 1000 மீட்டர் கீழ. இப்பவும் தேவை ரெண்டு தான். 1900ஐ ரெண்டரைல வகுத்தா 760, கூட 150, மொத்தம் 910. தொண்ணூறு மீட்டர் மேலயே போயிடுவான். ரெண்டுக்கும் ஒரே ரேஷியோ, ஒண்ணுல ஆள் காலி, ஒண்ணுல தாராளமா தாண்டுறான். அதனால தான் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ரேஷியோவுல பேசுறவன நான் நம்ப மாட்டேன், மீட்டர்ல சொல்லு, அதுவும் பாதைல எந்த எடத்துல மிச்சம் ரொம்ப கம்மின்னு சொல்லு. கடைசி மேட்ட தாண்டுறது ஈசியா இருக்கும், மொத நூறு எரநூறு மீட்டருக்குள்ள நீட்டிட்டு நிக்குற ஒரு திட்டு தான் ஆள அடிக்கும்.

பையன் உடனே, ப்ளேன்லருந்து குதிச்சு ஜிபிஎஸ்ல அளந்த நம்பர் இருக்கேன்னான். ஃப்ளைசைட்னு சின்ன ஜிபிஎஸ் பொட்டி இருக்கு, ஸ்கைடைவ்ல அத மாட்டிக்கிட்டு பறந்தா கெடைத்தூரம், எறக்கம் எல்லாம் பதிவாகும், உண்மையிலயே நல்ல கருவி. ஆனா ப்ளேன்லருந்து எறங்குறவன் ப்ளேனோட வேகத்த கையோட எடுத்துட்டு வெளிய வரான், குதிச்ச ஒடனே காத்து இருக்கு. பாறைல நிக்குறவனுக்கு அது இல்ல. இன்னொண்ணு, ஜிபிஎஸ் லாக்ல தெரியுற பெரிய நம்பரு பல நேரம் மூக்க தூக்குன, அதாவது தலைப்பக்கத்த மேல நிமித்துன, ரெண்டு மூணு செகண்டுல வந்தது. வேகத்த குடுத்து ஒயரத்த வாங்கிக்கிறான், வேகம் கொறைஞ்சதும் ஸ்டால் பக்கம் போய், அதாவது றெக்கைல தூக்கு விசை அத்துப்போய், மொத்தமா எறங்கும். மேடு கிட்ட வந்து பத்தலன்னு பயந்து மூக்க தூக்குறவனுக்கு இதான் நடக்கும், தூக்க தூக்க கடைசில க்ளைட் கொறையுது. கொஞ்சம் செங்குத்தா வேகமா பறந்துட்டு வந்தவன் கிட்ட தான் தேவைப்படும்போது பாதைய தட்டையாக்க வேகம் மிச்சம் இருக்கும்.

பைக் வாங்கும்போது லிட்டருக்கு அறுவதுன்னு சொல்லி தான் விப்பான், திருவொத்தியூர் ஹை ரோட்ல கண்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்தா நாப்பது வந்தா பெரிய விஷயம். சூட்டு நம்பரும் அப்டி தான்.

அப்புறம் காத்து. சூட்டு முன்னாடி 160 கிலோமீட்டர் வேகத்துல போய் 64 கிலோமீட்டர் வேகத்துல எறங்குதுன்னு வை, அதான் ரெண்டரை. எதிர்காத்து வெறும் 16 அடிச்சா தரைக்கு மேல 144 தான், எறக்கம் அதே 64, ரேஷியோ 2.25. நம்ம ரெண்டாவது மேட்ட திரும்ப போட்டா 1900க்கு 844 மீட்டர், 150 சேத்தா 994. தொண்ணூறு இருந்த எடத்துல இப்ப ஆறு. பதினாறு கிலோமீட்டர் காத்துன்னா காசிமேட்ல சாயங்காலம் சட்ட படபடன்னு அடிக்குமே, அவ்ளோ தான், அத போய் யாரும் காத்துன்னே சொல்ல மாட்டோம். திரும்பினாலும் செலவு இருக்கு, 30 டிகிரி சாஞ்சு திரும்புனா க்ளைட்ல பதிமூணு சதவீதம் கிட்ட போகும், 45ன்னா முப்பது சதவீதம் கிட்ட. நேர்கோட்ல போட்ட கணக்கு வளைஞ்சு போற பாதைக்கு ஒத்து வராது.

எடை பத்தி கேப்பாங்க. குண்டா இருக்குறவன் கம்மி தூரம் தான் போவான்னு நெனைப்பு. ஒரே சூட்டு, ஒரே ஒடம்பு வடிவம்னா ரேஷியோ மாறாது, வேகம் தான் கூடும்.

சர்வேயரா எனக்கு வயிறு எரியுற விஷயம் ஒண்ணு இருக்கு, சாட்டிலைட் மேப்ப வெச்சே ப்ரொஃபைல் போடுறது, அதான் மலையோட மேடு பள்ளத்த கோடா வரையிறது. ஓசில கெடைக்கிற ஒயர டேட்டா பெரும்பாலும் 30 மீட்டர் கட்டமா இருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரே ஒயரம். பத்து மீட்டர் அகலத்துல நீட்டிட்டு இருக்குற பாறைத்திட்டு அதுக்குள்ள கரைஞ்சு போயிடும், செங்குத்து விளிம்பு வழவழன்னு சரிவா மாறிடும். மேல நிக்குற மரத்தோட ஒயரத்தையும் அது நம்பி சொல்லாது. லேசர்லயும் கோணத்துல ஒரு டிகிரி தப்புனா 1000 மீட்டர் தூரத்துல 17 மீட்டர் போச்சு, கைல புடிச்சு எடுக்குறவனுக்கு ஒரு டிகிரி ஒரு மேட்டரே இல்ல. ஒரே புள்ளிய நாலஞ்சு தடவ எடுத்து சராசரி போடுங்கப்பா. நாங்க ஒரு ஓரக்கல்லுக்கே அப்டி தான் எடுக்குறோம்.

பிரெஞ்சு ஸ்கைடைவர் பேட்ரிக் டி கேயார்டான் தொண்ணூறுகள்ல இந்த சூட்ட இப்ப இருக்குற வடிவத்துக்கு கொண்டு வந்தாரு, 1998ல ஹவாய்ல குதிக்கும்போதே செத்தாரு, அது பாராசூட் கோளாறு, க்ளைட் கணக்கு இல்ல. 2003ல லோயிக் ஜான் ஆல்பெர்ட்னு இன்னொரு விங்சூட் ஆளு சுவிஸ்ல வெர்பியே பனிச்சரிவ ஒட்டி பறந்ததுக்கு அப்புறம் தான் தரைய ஒரசுற ஆச எல்லாருக்கும் வந்துச்சு. அதுவரைக்கும் மிச்ச ஒயரம்ங்கிறது நெறைய இருந்துச்சு, அதுக்கப்புறம் ஆளுங்க அத வேணும்னே செலவு பண்ண ஆரம்பிச்சாங்க.

பையன் கடைசியா கேட்டான், அப்போ அந்த தொண்ணூறு மீட்டர் மிச்சம் வர்ற மேடு ஓகேவா மாமான்னு. மேட்ட தாண்டுனதோட முடியலடா, அதுக்கப்புறம் பாராசூட்ட இழுத்து, அது விரிஞ்சு, திசை திருப்பி எறங்குறதுக்கு கீழ ஒயரம் வேணும், மேட்டுக்கு பின்னாடி பள்ளம் எவ்ளோன்னு அளந்தியான்னு கேட்டேன். வீடியோவ திரும்ப மொதல்லருந்து ஓட்ட ஆரம்பிச்சிட்டான்.