வரப்பு உள்ள புட்டரா, இல்லாததா? ஜட்ஜும் வார்டனும் ஆறு வாரம்

நான் ஆடுவது டிஸ்க் கோல்ஃப்: தட்டு மாதிரியான டிஸ்கை வீசி, கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம். சனிக்கிழமை ஷார்லட் ஊரின் நெவின் பூங்காவில் 18 கூடையும் ஆடி முடித்தபோது, 25 அடிக்குள் நின்று போட்ட ஒரு புட்டும் (கூடைக்குள் போட பக்கத்திலிருந்து வீசுவது) தவறவில்லை. மூன்று வருஷமாக ஆடுகிறேன், இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. கையில் இருந்தது டைனமிக் டிஸ்க்ஸ் கம்பெனியின் வார்டன், வரப்பு இல்லாத புட்டர். புட்டுக்கென்றே உள்ள டிஸ்குக்குப் பெயர்தான் புட்டர். ஆறு வாரத்துக்கு முன்பு வரை வரப்பு இல்லாத புட்டரைப் பையிலேயே வைத்ததில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வரப்பு என்று நான் சொல்வது பீட். விளிம்பின் அடியில் சுற்றி ஓடுகிற அந்தச் சிறு மேட்டைத் தடவும்போதெல்லாம் எனக்கு வயல் வரப்புதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதற்கு முன் ஒரு வருஷம் கேசி ஏவியார், அப்புறம் இரண்டு வருஷம் ஜட்ஜ். இரண்டிலும் வரப்பு உண்டு. கென் கிளைமோ 12 முறை உலகப் பட்டம் வாங்கியவர், அவர் பெயரில் வருகிற ஏவியாரில் விரலுக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். பிடிப்பு கிடைத்தது. 15 அடியில் எல்லாம் விழுந்தது. 25 அடிக்குப் போனால் மட்டும் வலது பக்கம், எப்போதும் வலது பக்கம். நின்ற நிலையை மாற்றினேன், தோளை மாற்றினேன், குறி வைக்கும் சங்கிலியைக்கூட மாற்றினேன். அது அசையவே இல்லை.

சரி, புட்டரையே சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜட்ஜையும் வார்டனையும் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே உடம்பு. டிஸ்க் எப்படிப் பறக்கும் என்று கம்பெனி போடும் எண்களில் வேகம் 2, கிளைடு (மிதப்பு) 4, டர்ன் (வேகமாகப் போகும்போது திரும்புவது) 0 என்பது வரை ஒன்றேதான். ஃபேடு (வேகம் குறையும்போது கடைசியில் சாய்வது) மட்டும் ஜட்ஜுக்கு 1, வார்டனுக்கு 0.5. பெரிய வித்தியாசம் அந்த வரப்புதான். கிளாசிக் பிளெண்ட் என்ற பிளாஸ்டிக்கில் ஐந்து ஐந்தாக எடுத்து, எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து 173, 174 கிராமுக்குள் வைத்துக்கொண்டேன். இந்த எடை போடுகிற வேலை அவசியம். இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய டிஸ்கில் 174 என்று எழுதியிருந்தது, தராசில் 170 காட்டியது. திருப்பி அனுப்ப நினைத்தால் தபால் செலவு என் தலையில். அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க் கடைக்கு நேரில் போய், பழைய டிஸ்க் பெட்டியில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். விலை பாதி, ஏற்கெனவே அடிபட்டுப் பதமாகியும் இருக்கும்.

வேலைக்குக் கிளம்பும் முன் தினம் 100 புட், கொல்லைப்புறக் கூடையில். ஜட்ஜ் ஒன்று, வார்டன் ஒன்று என்று மாற்றி மாற்றி. விழுந்ததா, தவறியது எந்தப் பக்கம் என்று நோட்டில் ஒரு கோடு.

முதல் வாரம் வார்டன் படுமோசம். விரலுக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பாதி டிஸ்க் கையை விட்டுச் சீக்கிரமே நழுவி இடது பக்கம் போனது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நோட்டைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வார்டன் தவறியது பெரும்பாலும் இடது, ஜட்ஜ் தவறியது எல்லாம் வலது. ஒரே கை, ஒரே காலை, ஒரே கூடை.

என் மகளிடம் போனைக் கொடுத்து, கையை மட்டும் பக்கத்திலிருந்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா, மத்த விரல் எல்லாம் திறந்துடுச்சு. மோதிர விரல் மட்டும் ஒட்டிக்கிட்டே வருதுப்பா."

அதேதான். ஜட்ஜை விடும் நேரத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் திறந்துவிடுகின்றன. மோதிர விரலின் நுனி வரப்பின் உள்பக்கம் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு கணம் கூடுதலாக இழுக்கிறது. அந்த ஒரு கணத்தில் கை இன்னும் வலது பக்கம் திரும்பியிருக்கும், டிஸ்கும் அங்கேயே போகும். 15 அடியில் இது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வலது கை பேக்ஹேண்டில் (புறங்கை முன்னே வர வீசுவது) டிஸ்க் கடிகாரச் சுற்றாகச் சுழல்கிறது. கம்பத்துக்கு வலப்பக்கம் பட்டால் அந்தச் சுழற்சியே வேகத்தைக் குறைத்துக் கூடைக்குள் இறக்கிவிடும். இடப்பக்கம் பட்டால் வழுக்கிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அதனால் 15 அடியில் ஒரு சாண் வலதாகப் போனாலும் சங்கிலி ஏந்திக்கொண்டது. 25 அடியில் அதே விலகல் ஒன்றரைச் சாணுக்கு மேல், வெளிச் சங்கிலியை உரசிவிட்டுப் போய்விடும். இரண்டு வருஷமாகச் சங்கிலி என் தப்பை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இனி விரல். மோதிர விரலையும் சுண்டு விரலையும் விளிம்பின் உள்சுவரில் மடக்கி அழுத்தாமல், தட்டின் அடியில் நுனி மட்டும் படும்படி நீட்டி வைத்தேன். விடும்போது கோலி சுண்டுவது போல நான்கு விரலும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். "திற" என்று நினைத்தால் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. "சுண்டு" என்று நினைத்தால் சேர்ந்து விரிகின்றன. எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது இந்த ஒரு சொல்தான். கட்டைவிரல் அழுத்தத்தையும் பாதியாகக் குறைத்தேன். மேலே அழுத்தினால் கீழே விரல்களும் தாமாகவே இறுகுகின்றன. டிஸ்கை இடது கையால் உருவினால் லேசாக உராய்ந்து வர வேண்டும். உருவ வராவிட்டால் பிடி அதிகம்.

மூன்றாம் வாரத்திலிருந்து வார்டன் ஏறத் தொடங்கியது. வரப்பு இல்லாததால் மாட்டிக்கொள்ள இடமே இல்லை, சுண்டினால் சுத்தமாகப் போகிறது. ஆறாவது வாரம் 25 அடியில் ஒவ்வொன்றிலும் 250 போட்டதில் ஜட்ஜ் 171, வார்டன் 196. என் விரலும் மாறியிருப்பதால் ஜட்ஜும் முன்பைவிட நன்றாகவே விழுகிறது. அது நல்ல புட்டர், என் மோதிர விரலுக்குத்தான் ஒத்துவரவில்லை. நீளமான விரல் உள்ளவர்கள் ஒரு தடவை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

நடுவில் இரண்டு டிஸ்க் இரவல் வாங்கிப் பார்த்தேன். டிஸ்கிராஃப்ட் லூனா கையில் அருமையாக உட்காருகிறது, ஆனால் அதற்கும் வரப்பு உண்டு, கதை அதேதான். காஸ்டாபிளாஸ்ட் பெர்க் வேறு ஜாதி. கிளைடு 1 என்பதால் போன இடத்தில் பொத்தென்று விழுகிறது. 25 அடியில் என் புட்டுக்கு அது எட்டவில்லை. ஆனால் 150 அடியிலிருந்து கூடைப் பக்கம் போட அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் ஒன்று வாங்கப்போகிறேன்.

வார்டனில் இன்னொரு லாபம் எதிர்பாராதது. இந்தப் பக்கம் எல்லாம் செம்மண். மழைக்கு மறுநாள் ஜட்ஜின் வரப்புக்கும் சுவருக்கும் நடுவில் அது அப்பிக்கொள்ளும். துண்டால் துடைத்தாலும் போகாது, குச்சியால் சுரண்ட வேண்டும். வார்டனை ஒரே துடைப்பில் முடித்துவிடலாம்.

இன்னும் சரியாகாதது 30 அடி. அங்கே தூரத்துக்காகப் பலம் சேர்த்தால் டிஸ்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கிக்கொள்கிறது, டிஸ்க் கூடையின் மேல்பட்டையில் டங்கென்று மோதுகிறது. காற்று எதிரே அடித்தால் கேட்கவே வேண்டாம். கால் பலத்தை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் 10 மீட்டர் வட்டத்துக்குள் புட் போட்டபின் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நகரலாம், எனக்கோ பின்னங்கால் எழும்பும்போதே உடம்பு முன்னால் சாய்கிறது. அக்டோபரில் ராக் ஹில் போய் வின்த்ராப் பல்கலைக்கழக மைதானத்தில் யுஎஸ்டிஜிசி, அதாவது அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப், பார்க்கப்போகிறோம். அங்கே ஆடுபவர்களின் பின்னங்காலை மட்டும் படம் எடுக்கும் வேலையை மகள் இப்போதே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அதுவரை நாளைக் காலையிலிருந்து 28 அடியில் 100, வார்டன் மட்டும். ஐந்து ஜட்ஜையும் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.