கடன்பட்டவர்களுக்காகப் பேசிய அந்தோணியார்

காணாமல் போன பொருளுக்காக அந்தோணியாரை வேண்டிக்கொள்ளாத கத்தோலிக்க வீடு நம்மிடம் குறைவு. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு.

லிஸ்பனில் பிறந்தவர். வேதம் போதிக்க மொராக்கோ போய் நோயில் விழுந்தார். திரும்பிய கப்பலைக் காற்று சிசிலிக்குத் தள்ளிவிட, இத்தாலியே அவருடைய களமானது.

அன்றைய பதுவா நகரில் கடனைக் கட்ட முடியாதவர்களைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். வட்டிக்காரர்களைக் கண்டித்து அவர் கடுமையாகப் பிரசங்கம் செய்தார். அதோடு நிற்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால், உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1231 மார்ச்சில் அந்த நகரம் சட்டமே போட்டது. சட்டத்தில் அவர் பெயரும் இருக்கிறது! அவருடைய அற்புதங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஜூன் 13இல் இறந்தார். ஓராண்டுக்குள், 1232 மே 30இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.