வண்டி இருக்கா?

மார்ச் 3

சைதாப்பேட்டை ஹவுஸ் ஓனர் வாடகையை 8,000 ஆக்கிவிட்டார். ஒரே அறை, பொதுக் கக்கூஸ். சென்னைக்குத் தெற்கே தள்ளியிருக்கிற சித்தாலப்பாக்கத்தில் இதைவிடப் பெரிய வீடு 5,500-க்கு இருக்கிறதாம். புரோக்கர் அண்ணன் போனில் முதலில் கேட்டதே "வண்டி இருக்கா?" என்றுதான்.

மார்ச் 5

போய்ப் பார்த்தோம். தனி சமையலறை, ஜன்னல் வழியே நல்ல வெயில். அம்மா குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாள், உப்பு இல்லை, அந்த நிமிஷமே அவள் மனதுக்குள் குடிவந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்கு 25 நிமிட நடை, அப்புறம் 40 நிமிடம் நின்றோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று வாயால் சொல்லி முடியாது. ஆனால் பெசன்ட் நகரில் அம்மா 6:30-க்கு முதல் வீட்டு வாசல் தெளிக்க வேண்டும். தம்பிக்கு தி.நகர் ஓட்டலில் வேலை முடிய ராத்திரி 11:30. அந்த நேரத்தில் அவன் எப்படி வந்து சேருவான்?

மார்ச் 8

அத்தை வீட்டுக்குப் போனேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றங்கரையிலிருந்து, சித்தாலப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கிற பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. மாம்பலத்தில் 4 வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், நேரத்துக்குப் போக முடியாமல் ஆறே மாதத்தில் நாலையும் விட்டுவிட்டாள். பழைய எக்ஸ்எல் மொபெட் ஒன்று வாங்கி மாமா காலையில் கொண்டுவிட ஆரம்பித்த பிறகுதான் இரண்டு வீடு திரும்பக் கிடைத்தது. அதே மாடியில் வண்டி இல்லாத அக்காக்கள் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மார்ச் 11

கணக்குப் போட்டோம். வாடகையில் மிச்சம் 2,500. பழைய வண்டிக்குத் தவணை 1,900, தம்பி தினம் போய்வர பெட்ரோல் மாதம் 2,300. அதிலும் விடியற்காலை அம்மாவைக் கொண்டுவிட ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தவன்தான் எழுந்திருக்க வேண்டும். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார் புரோக்கர் அண்ணன். மெட்ரோ வந்த பிறகு அங்கே 5,500-க்கு யார் வீடு தருவார்கள்?

மார்ச் 14

சரி, சைதாப்பேட்டையிலேயே இருக்கிறோம், ஓனரிடம் சொல்லிவிட்டேன். சித்தாலப்பாக்கம் வீட்டுக்கு ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர் குடும்பத்தோடு வந்துவிட்டாராம். சாயங்காலம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அம்மா சொன்னாள், "அந்தத் தண்ணி கொஞ்சம்கூட உப்பில்லடா."