மறதிக்கென்று போனேன், காதைச் சோதித்தார்கள்

அம்மாவின் இறுதி ஆண்டுகளில் மறதி நோயை அருகிருந்து கண்டவன் நான். ஆகவே, ஓய்வு பெற்றபின் பழகிய பெயர்களே நாவில் வராமல் தடுமாறத் தொடங்கியபோது, வல்லாரைச் சம்பலை நம்பிக் காத்திராமல் திருகோணமலையில் உள்ள அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்துகொண்டேன். வல்லாரை மறதி நோயைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. ருசிக்காக இன்றும் உண்கிறேன், அது வேறு விடயம்.

வைத்தியர் என்னைவிட என் மனைவியிடமே அதிகம் விசாரித்தார். பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, தெரிந்த பாதையில் வழி தவறுகிறாரா, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்றெல்லாம் கேட்டார். நோய் உள்ளவர் தம் மறதியைத் தாமே உணராதிருக்கக்கூடும் என்பதால், உடன் வாழ்பவரின் வார்த்தைக்கு அங்கு மதிப்பு அதிகம். பின்னர் 30 புள்ளிகளுக்கான ஞாபகச் சோதனை நடந்தது: திகதியும் இடமும் சொல்லி, 100இலிருந்து ஏழேழாகக் கழித்து, கடிகாரம் வரைந்து, சற்றுமுன் கேட்ட சொற்களை நினைவிலிருந்து கூறவேண்டும். அந்தச் சொற்களை அவர் வாசித்து முடித்த உடனேயே நான் இரண்டைப் பிழையாகத் திருப்பிச் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார். காதில் சரியாக விழாத சொல்லை மூளை எப்படிச் சேமிக்கும் என்று கேட்டார்.

இரத்தப் பரிசோதனை விரைவில் முடிந்தது. நீரிழிவுக்காக நெடுங்காலம் எடுத்துவரும் மெட்போர்மின் மருந்து விற்றமின் பி12 அளவைக் குறைக்கக்கூடும். அக்குறைபாடும் தைரொயிட் குறைபாடும் மறதியை உண்டாக்கினாலும் சிகிச்சைக்கு உட்பட்டவை. எனக்கு இரண்டும் சரியாகவே இருந்தன. தும்மலுக்காக இரவில் போட்டுவந்த குளோர்பெனிரமின் குளிசை முதியவர்களின் ஞாபகத்தை மந்தப்படுத்தும் என்று கூறி அதை நிறுத்தச் சொன்னார்.

செவிப் பரிசோதனைதான் எனக்குப் புதிது. சத்தம் புகாத அறையில், மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். தாழ் அதிர்வெண் ஒலிகள் எனக்கு நன்கு கேட்டன. உயர் அதிர்வெண் ஒலிகள் இரு காதுகளிலும் குறைந்திருந்தன. பேச்சு கேட்டும் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் நழுவியதன் காரணம் அதுவே. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலலாம் என மதிப்பிட்டது. அவற்றில் செவிப்புலன் குறைவுக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 சதவீதம். இது மக்கள் தொகைக்கான கணக்கு. செவிப்புலன் கருவி மாட்டிய ஒவ்வொருவரும் தப்பிவிடுவார் என்ற உறுதிமொழி அல்ல.

எனக்கும் மாட்டிய அந்தக் கருவிக்குப் பழகுவதுதான் கடினமாக இருந்தது. மின்விசிறி, கோப்பை, பத்திரிகைத் தாள் எல்லாம் இரைந்தன. வீட்டில் மனைவியுடன் பேசும்போது மட்டும் தொடங்கி, பின்னர் உப்புவெளிக் கடற்கரை நடைக்கும், கடைசியாகச் சந்தைக்கும் அணிந்து சென்றேன். கடற்காற்றின் ஈரம் கருவிக்கு ஆகாது என்பதால் இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட டப்பாவில் வைக்கிறேன். தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. கூட்டங்களில் மூலையில் ஒதுங்கியிருந்த பழக்கமும் மெல்ல விட்டுப்போனது. ஒதுங்கி வாழ்வதும் அந்த 14 காரணிகளில் ஒன்று.

நடுவயது தொட்டே இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 130ஐத் தாண்டாதிருப்பது நல்லது என்பதால், உப்பு மிகுந்த கருவாட்டையும் குறைக்கச் சொன்னார்கள். திருகோணமலைக்காரனுக்கு அதுவே பெரிய தண்டனை.

இத்தகைய கிளினிக்குக்குச் செல்பவர்கள் உடன் வாழும் ஒருவரையும், மூக்குக்கண்ணாடியையும், பார்மசியில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா மருந்துகளையும் கொண்டுசெல்லுங்கள். முதல் சோதனைப் புள்ளிகளைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டால், அடுத்த முறை ஒப்பிடுவதற்கு வைத்தியருக்கு அதுவே ஆதாரம்.