ஆடிக் காற்றில் விதையும் பன்னும் ஒட்டுப் போர்வையும்

கோவையில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் செலவழிப்பது என்பதை வீட்டிலிருப்பவர்களைவிடக் காற்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல் எங்கள் மொட்டை மாடிக்கும் வந்து சேர்கிறது. வெளியே எங்கும் போவதில்லை என்று முடிவு செய்த இந்த ஞாயிறன்று மாடித் தோட்டத்தில் விதைப்பு, அடுப்படியில் தேங்காய் பன், கூடத்தில் பழம்புடவைப் போர்வை என்று மூன்று வேலைகளை வைத்துக்கொண்டேன். காலையில் காற்று வலுப்பதற்குள் மாடி வேலையை முடித்துக்கொண்டு, வெயில் ஏறியதும் மாவைப் பிசைந்து வைத்து, மதியத்துக்கு மேல் ஊசியை எடுப்பது என்ற வரிசையும் காற்றைப் பார்த்து அமைந்ததுதான்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது என்றாலும் மாடிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அவரை, பீர்க்கு, புடலை, பாகல் ஆகிய கொடிகளுக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. பாகல், பீர்க்கு விதைகளின் மேலோடு கெட்டியாக இருப்பதால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். கத்தரி, மிளகாய் விதைகளை நேரடியாகப் பையில் ஊன்றாமல் குழித்தட்டில் இட்டுக் கூரை நிழலில் வைத்தேன். அவற்றை நாற்றாக எடுத்து நடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மண் கலவைக்கு நான் கைக்கொள்வது செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சம பங்கு. கடையில் கட்டியாக விற்கும் நார்க்கழிவை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, உப்பை வெளியேற்றிய பிறகே சேர்க்க வேண்டும். அலசாத நார்க்கழிவில் முளைத்த நாற்றுகளின் இலை நுனி கருகுவதைப் பார்த்துவிட்டு, விதை விற்றவரைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

காற்றடிக்கும் மாதத்தில் மண் எவ்வளவு விரைவாக வறண்டுவிடுகிறது என்பது மேகமூட்டத்தால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானம் மூடியிருக்கிறது, தூறலும் போட்டது என்று நம்பித் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மாலைக்குள் செடி துவண்டுவிடும். அதனால் விதை ஊன்றிய பைகளின் மேல் காய்ந்த இலைகளையும் தேங்காய் மட்டையின் நாரையும் மூடாக்காகப் பரப்பி, காற்றில் அவை பறந்து போகாதபடி நனைத்து வைத்தேன். பந்தல் கட்டுவதற்கு மூங்கில் கழிகளை எடுத்தபோது அத்தை கீழிருந்து வந்து, "இப்போ வலையக் கட்டாத அம்மணி, காத்துல மொத்தமா சாஞ்சுரும். கொடி ரெண்டு முழம் வரட்டும், பொறகு கட்டிக்கலாம்" என்றார்கள். நைலான் வலை காற்றை முழுவதுமாகத் தடுப்பதில்லை என்றாலும், கொடி படர்ந்து இலை அடர்ந்த பிறகு அதன் மேல் விழும் இழுப்பு பெரிது. ஆகவே கழிகளை மட்டும் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து இரண்டு திசைகளில் இழுத்துக் கட்டிவிட்டு, வலையை ஆவணிக்குத் தள்ளிவைத்தேன்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தலில் ஏறுகிற நாட்டு அவரை, பகல் பொழுது நன்றாகக் குறுகிய பிறகே பூக்கிற பயிர். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வரை கொடியும் இலையுமாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, கார்த்திகை, மார்கழியில்தான் கொத்துக் கொத்தாகப் பூத்துக் காய்க்கும். இது தெரியாமல், மூன்று மாதமாகியும் பூக்கவில்லையே என்று மேலும் மேலும் உரம் போட்டு இலையைப் பெருக்குகிறவர்கள் பலர். எந்த மாதத்திலும் காய் வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்கள் இருக்கின்றன, அவற்றை ஊன்றிக்கொள்ளலாம். எனக்கென்னவோ மார்கழிப் பனியில் பறிக்கிற பந்தல் அவரையின் மணம் செடி அவரையில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. அதனால் இரண்டு பைகளில் நாட்டு விதையை ஊன்றிவிட்டு மார்கழி வரை காத்திருக்கத் தயாராகிவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு மேல் மாடியில் நிற்க முடியவில்லை. கீழே வந்து கைகால் கழுவிக்கொண்டு மாவு பிசைய உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கும்போது வீட்டில் பன் சுடுவது தேவையா என்று கேட்கலாம். பேக்கரித் தேங்காய் பன்னில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கிறது. பொள்ளாச்சித் தேங்காய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதன் சுவையைச் சர்க்கரை மறைத்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. என் அளவு இதுதான்: மைதா 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பு 5 கிராம், வெதுவெதுப்பான பால் 180 மில்லி. முழுவதும் கோதுமை மாவிலேயே செய்தால் பன் கனத்துப் போகும். சப்பாத்திக்காக அரைக்கப்படும் நம் கோதுமை மாவில் தவிடு இருப்பதால் அது மாவின் பசையிழைகளை அறுத்துவிடுகிறது. கல்லில் நைய அரைபடுவதால் தண்ணீரையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கு கோதுமை என்பது மணமும் மென்மையும் ஒத்துப்போகிற அளவாக எனக்குப் படுகிறது.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளில் மாவை வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள் என்று போட்டிருப்பதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் எங்கள் அடுப்படி 27, 28 டிகிரி இருக்கும்; ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்காகிவிடும். சித்திரையில் அதுவே இன்னும் விரைவாகப் பொங்கிப் புளிப்பு வாடை அடித்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் ஈஸ்டைக் குறைத்து, மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மெதுவாகப் பொங்கவிடுவது நல்லது. பாலைத் தொட்டால் விரல் சுடாத சூடு போதும். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் உயிர் விட்டுவிடும். ஆடிக் காற்றில் கவனிக்க வேண்டியது சூட்டைவிட ஈரத்தைத்தான். சன்னல் திறந்திருந்தால் பிசைந்த மாவின் மேற்பரப்பு அரை மணிக்குள் காய்ந்து தோல் கட்டிவிடும்; அந்தத் தோல் மாவைப் பொங்கவிடாது. பாத்திரத்தின் மேல் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு, அதன்மேல் ஒரு தட்டையும் கவிழ்த்து வைத்தேன்.

பூரணத்துக்கு ஒரு நடுத்தரத் தேங்காயைத் துருவி, 75 கிராம் சர்க்கரை, ஏலக்காய், உடைத்த முந்திரி சேர்த்து, ஈரம் சற்று வற்றும்வரை வாணலியில் புரட்டி எடுத்தேன். பச்சைத் துருவலையே வைத்தால் அதிலிருந்து கசியும் பாலில் பன்னின் அடிப்பாகம் வேகாமல் சொதசொதவென்று நின்றுவிடும். மகளின் வற்புறுத்தலால் கொஞ்சம் டூட்டி ஃப்ரூட்டியும் சேர்ந்தது. அது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது என்று சொல்லிப் பார்த்தேன், அவள் அசரவில்லை. பொங்கிய மாவை இரண்டாகப் பிரித்து, வட்டமாகத் தட்டி, ஒன்றின் மேல் பூரணத்தைப் பரப்பி, மற்றொன்றால் மூடி ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். மறுபடி அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, மேலே பால் தடவி, 180 டிகிரியில் சூடேறியிருந்த ஓவனில் வைத்தேன். இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு வெளியே எடுத்து அடியில் தட்டிப் பார்த்தபோது வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை கேட்டது. ஆறிய பிறகுதான் அறுக்க வேண்டும் என்ற என் விதியை வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எடுத்த போர்வை வேலைதான் மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது. மேல்நாட்டு முறைப்படியான குவில்ட்டில் மேலே ஒட்டுத் துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்குகள் உண்டு. நம் ஊரில் அந்தப் பஞ்சு அடுக்கு தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கோவையில் மார்கழி இரவுக்கும் நான்கு அல்லது ஆறு அடுக்குப் பழைய பருத்திப் புடவை போதும். வியர்த்தால் உறிஞ்சிக்கொள்ளும், துவைத்தால் பஞ்சைப் போல ஓரிடத்தில் திரளாது. வங்காளத்துக் காந்தாவும் வட கர்நாடகத்துக் கவுதியும் இதே கணக்கில் உருவானவைதாம். உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் போர்வைகளில் ஓரத்திலிருந்து தொடங்கி நடு நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். மூலைகளில் சிறு முக்கோணத் துணிகளைப் பூவாக வைத்து முடிப்பார்கள்.

ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் இரண்டே முக்கால் மீட்டருக்கு இரண்டு அடுக்கு கிடைக்கும். அகலம் ஒன்றேகால் கெஜத்தை ஒட்டி வருவதால் ஒற்றைக் கட்டிலுக்குத் தொங்கல் விட்டுப் போர்த்தச் சரியாக இருக்கும். மூன்று புடவையில் ஆறடுக்குப் போர்வை ஆகிவிடுகிறது. அத்தையின் பெட்டியிலிருந்து எடுத்தவற்றில் நெகமம் புடவை தடிமனானது என்பதால் அதை அடியில் வைத்தோம். நைந்து இழை தெரியத் தொடங்கிய, வாயில் என்னும் மெல்லிய பருத்திப் புடவை நடுவே போனது. சாயம் இறங்கியே தீர்ந்துவிட்ட மதுரைச் சுங்குடி மேலே வந்தது. அதன் கிழிந்த இடங்களை மூடுவதற்கு மட்டும் தையற்கடையில் வாங்கிய வெட்டுத் துண்டுகளை நனைத்து உலர்த்திச் சுருக்கம் வாங்கிய பிறகு ஒட்டாக வைத்துத் தைத்தேன். பாலியெஸ்டர் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். பருத்தி சுருங்கும்போது அது சுருங்காமல் நின்று புடைத்துக்கொள்ளும்.

ஒட்டுகளை அளவெடுத்த சதுரங்களாக வெட்டலாமே என்று அண்டை வீட்டு அக்கா கேட்டார்கள். கிழிசல் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் ஒட்டு இருப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் வேலை செய்து நைந்த உடுப்புகளைக் கொண்டு அப்படித்தான் கோணல்மாணலாகத் தைத்தார்கள். அவற்றை 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஓவியங்களுக்கு நிகராகச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது.

மாடியில் விரித்துத் தைக்கக் காற்று விடாது என்பதால் கூடத்துத் தரையில் அடுக்குகளை விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிச் சுருக்கம் நீக்கி, பெரிய பெரிய தையலாக நூலோட்டி நிறுத்திக்கொண்டோம். அதன் பிறகு விரற்கடை இடைவெளியில் வரிவரியாக நூலோட்டம். அத்தைக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கத் தெரிவதில்லை, கண் மங்கிவிட்டது. ஆனால் கோத்துக் கொடுத்தால் அவர்கள் தைக்கிற வரி என் வரியைவிட நேராகப் போகிறது. "நூல நீட்டமா விட்டா சிக்கு விழும், ஒரு கை நீளத்துக்கு மேல போகாத" என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் ஒன்று. ஆறு அடுக்கைத் துளைக்க விரல் வலிக்கும் என்று பயந்தேன். பல ஆண்டுத் துவையலில் கஞ்சியும் விறைப்பும் போன துணியில் ஊசி தடையில்லாமல் இறங்குகிறது. புதுத் துணியில் இதைச் செய்திருந்தால் உலோக விரலுறை இல்லாமல் முடியாது.

பொழுது சாய்வதற்குள் பாதிப் போர்வைக்கு மேல் வரி ஓடியிருந்தது. விளிம்பை மடித்துத் தைத்து, ஆடி முடிவதற்குள் ஒருமுறை அலசிக் காயப்போட்டுவிட வேண்டும் என்று அத்தை சொல்கிறார்கள். ஈரம் ஏறிய ஆறடுக்குத் துணியை ஒரே பகலில் உலர்த்தித் தருவது இந்தக் காற்று ஒன்றுதான். ஐப்பசி அடைமழையில் மாட்டினால் மக்கல் வாடை வந்துவிடும். அதனால் அடுத்த ஞாயிறு மாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டு விளிம்பு வேலையைப் பார்ப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். பன் மட்டும் அன்றைக்கும் உண்டு என்பது மகள் விதித்த நிபந்தனை.