என் ஹேண்டிகேப் 18, ஆனால் 90 அடிக்கவே முடியவில்லையே?

பெங்களூரில் புதிதாக கோல்ஃப் பிடித்துக்கொண்ட நம்ம ஆட்கள் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். பார் (18 ஹோலையும், அதாவது குழியையும், முடிக்க மைதானம் வைத்திருக்கும் அடிக்கணக்கு) 72, ஹேண்டிகேப் (அதற்கு மேல் நமக்குத் தரும் சலுகை அடிகள்) 18, அப்படியென்றால் 90 வரவேண்டும், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் 94, 96 என்றுதான் வருகிறது, கணக்கு எங்கேயோ தப்பு என்று நினைத்து மனசு விட்டுவிடுகிறார்கள். கணக்கு சரிதான். ஹேண்டிகேப் உங்கள் சராசரி ஆட்டத்தைச் சொல்வதில்லை, நன்றாக ஆடும் நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்கிறது. கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து அதற்குத்தான் சராசரி போடுகிறார்கள், மீதி 12 அந்தக் கணக்கிலேயே வராது. அதனால் பெரும்பாலான நாட்களில் அதைவிட நாலைந்து கூடுதலாக அடிப்பது இயல்பு, தயவுசெய்து அதற்காக ஸ்விங்கை மாற்றாதீர்கள்.

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை இது. அதற்கு முன் உலகத்தில் ஆறு தனித்தனி முறைகள் இருந்தன.

அந்த 8-உம் வெறும் ஸ்கோர் இல்லை, மைதானத்தின் கடினத்தைக் கழித்த பிறகு வரும் எண். ஸ்கோர் கார்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். கோர்ஸ் ரேட்டிங் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பது, ஸ்லோப் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு அது இன்னும் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பது. ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும், 113 நடுநிலை. உதாரணத்துக்கு ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128 உள்ள இடத்தில் 95 அடித்தால், 95-இல் 71.2 போக 23.8, அதை 113-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 21.0. அன்றைய ரவுண்டுக்கு உங்கள் எண் அதுதான். (பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பந்து கொஞ்சம் தூரம் கூடப் போகும், ரேட்டிங் போடும்போதே அந்த உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.)

ஆடும்போது இதையே திருப்பிப் போடுவார்கள். இண்டெக்ஸ் (அந்த 8 எண்களின் சராசரி) 18.4 இருப்பவருக்கு, பார் 72 என்றால், அதே மைதானத்தில் 20 ஸ்ட்ரோக் (சலுகை அடி) கிடைக்கும், எளிதான வேறொரு மைதானத்தில் 17 கிடைக்கலாம். அந்த 20 எப்படிப் பிரியும் என்றால், 18 ஹோலுக்கும் ஒவ்வொன்று, கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (சலுகை அடி எந்த ஹோலுக்கு முதலில் என்ற வரிசை எண்) 1, 2 என்று போட்டிருக்கும் ஹோல்களில் மட்டும் இரண்டிரண்டு. மேட்ச் பிளேயில் (ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயித்தார் என்று எண்ணும் ஆட்டத்தில்) எதிராளிக்கு 8 என்றால் வித்தியாசம் 12, அது ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 12 வரை உள்ள ஹோல்களில் விழும். தமிழ் பேசும் கேடி (நம் கோல்ஃப் பையைச் சுமந்து கூட வருபவர்) அமைந்தால் கேளுங்கள், எந்த ஹோல் எந்த ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று கார்டைப் பார்க்காமலே சொல்வார்.

ஒரே ஹோலில் பந்து தண்ணீரிலும் மரத்திலும் போய் 10 ஆகிவிட்டது என்றால் பயப்பட வேண்டாம். ஹேண்டிகேப்புக்கு ஒரு உச்சவரம்பு உண்டு: பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். பார் 4-இல் ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கிறது என்றால் 7-க்கு மேல் ஏறாது.

எனக்குக் கோபம் வருவது நல்ல ரவுண்டை மறைப்பவர்கள் மேல்தான். மோசமான கார்டை மட்டும் கொடுத்து ஹேண்டிகேப்பை ஏற்றிவைத்து, போட்டி நாளில் கோப்பையோடு போவது திருட்டு, வேறு பெயர் கிடையாது. முறையும் இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போடுகிறது, ஒரு வருடத்தில் நீங்கள் தொட்ட குறைந்த இண்டெக்ஸை விட 3-க்கு மேல் ஏறினால் அதற்கு மேல் பாதிதான் ஏறும், 5-ஐத் தாண்டவே முடியாது. ஆனால் கார்டே கொடுக்காதவரை எந்தச் சூத்திரமும் பிடிக்காது, உடன் ஆடுபவர்கள்தான் கேட்கவேண்டும்.

இன்னும் இண்டெக்ஸ் இல்லாதவர்கள் தள்ளிப்போட வேண்டாம். மொத்தம் 54 ஹோல் கார்டு கொடுத்தால் போதும், 9 ஹோல் ரவுண்டுகளும் சேரும், அதிகபட்சம் 54.0 வரை கிடைக்கும். 120 அடிப்பவர்களும் தாராளமாக வாங்கலாம், உங்கள் கிளப்பில் ஹேண்டிகேப் பார்ப்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.